பாயில் அமர்ந்திருப்பவர் யார்? வயதுவந்தோர் கல்வியில் கற்பவர் மையம் என்னும் கருத்து

1. கேள்வி

கற்பவரை மையமாகக் கொண்ட கற்பித்தல் என்ற கருத்து பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்தது. ஜான் டூவியும் மரியா மாண்டிசோரியும் குழந்தையை மனத்தில் வைத்தே எழுதினார்கள். ஒரு வகுப்பில் ஏறக்குறைய ஒரே வயதுக் குழந்தைகள் இருப்பார்கள். அவர்கள் எதற்காக அங்கே வந்திருக்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் அரசும் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். ஆசிரியர் பேசுவதைக் குறைத்துக் குழந்தை செய்வதைக் கூட்டினால் வகுப்பு கற்பவர் பக்கம் சாய்ந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

இரவு ஏழு மணிக்குத் தெருவிளக்கின் கீழ் பாய் விரித்துக் கூடும் எழுத்தறிவு மையத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பதினெட்டு வயதுப் பெண்ணும் அவளுடைய மாமியாரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கலாம். ஒருத்தி மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மறந்துபோயிருந்தாலும் பள்ளிக்கூட வாசனை போகாதவள். இன்னொருத்தி பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். ஒருத்திக்கு அரை ஏக்கர் நிலம் உண்டு. அவளுக்குப் பக்கத்தில் இருப்பவள் அந்த நிலத்தில் நேற்றுக் களையெடுத்துக் கூலி வாங்கியவள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற அருந்ததியர் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் இருக்கலாம். இவர்களில் யாரை மையமாக வைப்பது?

வட்டமாக உட்காருவது, பாட்டுப் பாடுவது, குழுவாகப் பேசுவது, படம் பார்த்துச் சொல் சொல்வது என்று கற்பித்தல் உத்திகளைக் கொண்டே இந்தக் கேள்விக்குப் பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் பதில் சொல்கின்றன. என் பார்வையில் உத்தி இரண்டாம் இடத்துக்குரியது. எதற்காகப் படிக்கிறோம், படித்துவிட்டோம் என்பதை எதைக் கொண்டு அறிவது ஆகிய இரண்டையும் மாற்றும் வாய்ப்பு கற்பவருக்கு எந்த அளவு இருந்தது என்பதையே பார்க்க வேண்டும். அமெரிக்கா, பிரேசில், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களின் அனுபவத்தை வைத்து இதைச் சோதிக்க முயல்கிறது இக்கட்டுரை. 1990களின் அறிவொளி இயக்கத்துக்கு இதில் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

2. நோல்ஸ் வரைந்த வயதுவந்தவர்

வயதுவந்தோர் கல்வியைத் தனித் துறையாக நிறுவ முயன்றவர்களில் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் முதன்மையானவர். வயதுவந்தோர் கல்விமுறைக்கு அவர் பயன்படுத்திய ஆண்ட்ரகாகி என்ற பெயர் 1833இலேயே ஜெர்மனியில் அலெக்சாண்டர் காப் என்பவரால் கையாளப்பட்டது. 1970இல் வெளிவந்த தம் நூலில் நோல்ஸ் அதைப் பரவலாக்கினார். வயதுவந்தவர் தம்மைத் தாமே வழிநடத்திக்கொள்ள விரும்புவார். அவருடைய அனுபவமே பாடத்துக்கு மூலப்பொருள். வாழ்க்கையில் ஒரு தேவை எழும்போதுதான் கற்கத் தயாராவார். என்றோ பயன்படும் என்பதைவிட இன்றைய சிக்கலுக்கு உதவுவதையே நாடுவார். நோல்ஸ் சொன்னவற்றின் சாரம் இவ்வளவே. 1970ஆம் ஆண்டுப் பதிப்பின் தலைப்பு குழந்தைக் கல்வியையும் வயதுவந்தோர் கல்வியையும் எதிரெதிரே நிறுத்தியது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எதிர்நிலையை அவரே தளர்த்திக்கொண்டார். குழந்தைகளுக்கும் இவை பொருந்தும் என்று பள்ளி ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியது ஒரு காரணம்.

இந்தக் கூற்றுகளில் தவறானது என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ஆனால் இவற்றில் வரும் வயதுவந்தவருக்குச் சாதி கிடையாது, நிறம் கிடையாது, கூலி கிடையாது, நாள் முழுக்க நாற்று நட்ட இடுப்பு வலியும் கிடையாது. அவர் தனியாள், தம் தேவையைத் தாமே அறிந்தவர், அதைச் சொல்லத் தயங்காதவர். பயிற்சிக்கு அனுப்பப்படும் நிறுவன அலுவலர் ஒருவரின் சாயல் அதில் இருக்கிறது. தம்மை வழிநடத்திக்கொள்ளும் கற்பவர் என்ற படிமம் நடுத்தர வர்க்க அனுபவத்தை எல்லாருக்கும் பொதுவாக்குகிறது என்று ஸ்டீபன் புரூக்ஃபீல்டு போன்றோர் பின்னர் எழுதியதும் இதனால்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வந்துவிடும் என்று நம்புகிறது நோல்ஸின் முறை. கேட்கிறவர் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளையாகவும் பதில் சொல்ல வேண்டியவர் காலனித் தெருப் பெண்ணாகவும் இருந்தால் என்ன பதில் வரும் என்று அது யோசிக்கவில்லை.

3. பிரேசில்: செங்கல் என்ற சொல்

பாவ்லோ ஃபிரெய்ரே இந்த இடைவெளியைக் கண்டவர். 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்ற சிற்றூரில் அவருடைய குழு ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் முயற்சியை நடத்தியது. முதலில் ஊரில் தங்கி மக்களின் பேச்சைக் கேட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து கனமான சில சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய முறையில் இப்படிப் பயன்பட்ட சொற்களில் செங்கல் பெயர்பெற்றது. சொல்லுக்குரிய படத்தைக் காட்டி, செங்கல்லைச் சுமப்பவர் யார், வீடு யாருக்கு என்று பேசவிட்டார்கள். அதன்பின்தான் சொல்லை அசைகளாகப் பிரித்து எழுத்துக்குப் போனார்கள். எழுத்தறியாதவர் வாக்களிக்க முடியாத நாடு அன்றைய பிரேசில். எனவே எழுத்தறிவு நேரடியாகவே அரசியலாக இருந்தது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரே சிறை வைக்கப்பட்டு, பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

மாணவர் தலைக்குள் ஆசிரியர் அறிவைச் சேமித்துவைக்கும் முறையை வங்கிமுறைக் கல்வி என்று அவர் சாடியது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவ்வளவாகப் பேசப்படாத இடம் ஒன்று உண்டு. கனமான சொற்களைப் பேசியவர்கள் மக்கள், தேர்ந்தெடுத்தவர்கள் குழுவினர். செங்கல்லில் தொடங்கும் உரையாடல் சுரண்டலில் போய் முடிய வேண்டும் என்பது ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே தெரியும். கற்பவர் ஒருவர் செங்கல்லைப் பற்றிப் பேசாமல், மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவரை விழிப்புணர்வு குறைந்தவராகக் கருதும் அபாயம் இம்முறைக்குள்ளேயே இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்தாலும் நடுப்புள்ளி வேறொருவர் கையில் இருக்க முடியும்.

போர்த்துக்கீசியரிடமிருந்து விடுதலை பெற்ற கினி-பிசாவ் நாட்டில் 1970களின் நடுவில் ஃபிரெய்ரே பணியாற்றியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. எழுத்தறிவு வகுப்புகள் போர்த்துக்கீசிய மொழியில் நடந்தன. நாட்டில் அம்மொழி பேசியவர்கள் மிகச் சிறுபான்மையினர். பரவலாக வழங்கியது கிரியோல், ஊர்ப்புறங்களில் அதுவும் இல்லாமல் பல ஆப்பிரிக்க மொழிகள். முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மொழித் தேர்வு அரசின் முடிவு, தம்முடையதல்ல என்று ஃபிரெய்ரே பிற்காலத்தில் விளக்கினார். அது உண்மையாகவே இருக்கட்டும். பேசும் மொழியைக்கூடக் கற்பவர் தேர்ந்தெடுக்க முடியாத இடத்தில் உரையாடல் முறைக் கல்வி என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை.

4. ஜான்ஸ் தீவு: கடையின் பின்னறை

ஃபிரெய்ரேயின் அங்கிகோஸுக்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1957 ஜனவரியில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து ஜான்ஸ் தீவில் ஒரு வகுப்பு தொடங்கியது. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. தீவிலிருந்து நகருக்குப் பேருந்து ஓட்டிய ஏசா ஜென்கின்ஸ், பயணத்தின்போதே பயணிகளுக்கு அந்தச் சட்டப்பகுதியைச் சொல்லித்தந்து வந்தார். மனப்பாடமாகச் சொல்வது போதாது, உண்மையாகவே படிக்க வேண்டும் என்று பயணி ஒருவர் கேட்டதிலிருந்து வகுப்பு பற்றிய எண்ணம் வளர்ந்தது. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளி பணம் கொடுத்தது. வாங்கிய கட்டடத்தின் முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. வெள்ளையர் கண்ணில் படாமலிருக்க இந்த ஏற்பாடு.

யார் கற்பிப்பது என்பதில் ஹைலேண்டரைச் சேர்ந்த மைல்ஸ் ஹோர்ட்டனும் செப்டிமா கிளார்க்கும் எடுத்த முடிவு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. கிளார்க் நீண்டகால அனுபவமுள்ள ஆசிரியர். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். பயிற்சி பெற்ற ஆசிரியர் பள்ளிக்கூடத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுவார் என்ற அச்சம் ஒரு காரணம். கறுப்பினப் பெண்களின் அழகுநிலையம் வெள்ளை முதலாளியை நம்பியிராதது என்பது இன்னொரு காரணம். அவரை வேலையைவிட்டு நீக்க யாராலும் முடியாது.

ராபின்சன் முதலில் தொடக்கப்பள்ளிப் பாடப்பொருள்களைத்தான் எடுத்துப்போனார். அவை பொருந்தாது என்று கண்டதும் ஒதுக்கிவிட்டு, வந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். பெயரெழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், பணவிடைப் படிவம் நிரப்ப வேண்டும், அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்க வேண்டும் என்றார்கள். அந்தப் படிவங்களே பாடநூலாயின. அட்டையில் எழுதிய பெயரின் மேல் திரும்பத் திரும்ப எழுதி, கை பழகும்வரை பயின்றார்கள். சுவரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது. வாக்குரிமை நோக்கம் எங்கும் மறைக்கப்படவில்லை; ஆனாலும் பணவிடைப் படிவத்தை அது தள்ளிவிடவில்லை. இயக்கத்தின் இலக்கும் தனியாளின் சிறு தேவையும் ஒரே அறையில் உரசாமல் இருந்தன. ஃபிரெய்ரேயின் எழுத்தில் நான் காணாத பொறுமை இது என்று தோன்றுகிறது. இந்தக் குடியுரிமைப் பள்ளிகள் பிற்பாடு மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பின் கீழ் தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. ஜான்ஸ் தீவின் முதல் வகுப்பில் இருந்தவர்கள் 14 பேர். அனைவரும் ஒரே தீவினர், ஒரே ஒடுக்குமுறைக்கு ஆளானவர்கள். அங்கே வேறுபாடு குறைவு. நூற்றுக்கணக்கான ஊர்களில் பல சாதியாரை ஒரே நேரத்தில் படிக்கவைக்கும் அரசு இயக்கத்தோடு அதை நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமாகாது.

5. புதுக்கோட்டை: பாய், மனு, சைக்கிள்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் அந்த மாதிரி நாடு முழுக்கப் பரவியது. மாவட்ட ஆட்சியரின் தலைமை, அறிவியல் இயக்கத்தாரின் உழைப்பு, ஊதியமில்லாத தொண்டர்கள், குறித்த காலக்கெடு ஆகியவை அதன் அடையாளங்கள். தமிழ்நாட்டில் இது அறிவொளி இயக்கம் என்று பெயர்பெற்றது. 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்துப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. மையங்களில் வந்து அமர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

அறிவொளியைப் பற்றி இரண்டு தரப்பான எழுத்துகள் உள்ளன. ச. மாடசாமி, ச. தமிழ்ச்செல்வன் போன்று உள்ளிருந்து உழைத்தவர்கள் எழுதியவை ஒரு தரப்பு. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ அதில் அடங்கும். இயக்கத்தின் உச்சம் கழிந்தபின் புதுக்கோட்டையில் களப்பணி செய்து பிரான்சிஸ் கோடி எழுதி 2013இல் வெளிவந்த ஆங்கில நூல் இன்னொரு தரப்பு. முன்னவர்கள் மக்களிடம் தாங்கள் கற்றதை முன்வைக்கிறார்கள். கோடி, அறிவொளி என்ற ஒளியூட்டும் கனவே எத்தகைய முரண்களைக் கொண்டிருந்தது என்று கேட்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் தெளிவாகிறது.

முதலில் பாடநூல். அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் தொடங்காமல் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போகும் முறையை அறிவொளி எடுத்துக்கொண்டது. எளிதில் எழுத வரும் ப, ட போன்ற எழுத்துகள் முன்னே வந்தன. பட்டா என்ற சொல் தொடக்கப் பாடத்திலேயே இடம்பெற்றது. எழுத்தமைப்பிலும் எளிது, வாழ்க்கையிலும் கனம். ஃபிரெய்ரேயின் செங்கல்லுக்குத் தமிழ்நாட்டு விடை என்று இதைச் சொல்லலாம். ஆனால் பாயில் அமர்ந்திருந்த எல்லாருக்கும் அந்தச் சொல் ஒரே பொருளில் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நிலம் உள்ளவளுக்குப் பட்டா பெட்டியில் இருக்கும் காகிதம். புறம்போக்கில் குடிசை போட்டவளுக்கு அது தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்த செருப்பு. பள்ளி வகுப்பில் ஒரு சொல்லுக்கு மாணவர்கள் ஒரே விளக்கத்தைச் சொல்ல வேண்டும்; இங்கே விளக்கங்கள் மோதும் இடமே பாடம். அந்த மோதலைப் பதினாறு வயதுத் தொண்டர் எப்படி நடத்துவார்? எட்டாவதோ பத்தாவதோ படித்த அந்தப் பெண்ணுக்குச் சில நாள் பயிற்சிதான் கிடைத்தது. பெரும்பாலான இரவுகளில் அவர் பேச்சை வளர்க்காமல் எழுத்துப் பயிற்சிக்குப் போயிருப்பார் என்றே நான் ஊகிக்கிறேன். அவரைக் குறைசொல்ல அதில் எதுவும் இல்லை.

இடமும் பாடத்தின் ஒரு பகுதியே. மையம் கோயில் முன்பா, பள்ளிக்கூடத் திண்ணையிலா, காலனிக்குள்ளா என்பது யார் வருவார் என்பதை வகுப்புக்கு முன்பே தீர்மானித்துவிடும். ஊர்த்தெருவில் நடக்கும் மையத்துக்குத் தலித் பெண்கள் வந்து சமமாகப் பாயில் அமர்வது பல ஊர்களில் நடக்கக்கூடியதாக இல்லை. காலனியில் நடக்கும் மையத்துக்கு ஊர்த்தெருப் பெண்கள் போகவே மாட்டார்கள். தெருவுக்கு ஒரு மையம் என்பது எளிய தீர்வு. அதனால் வருகை கூடும். ஆனால் பின்னணிகள் கலப்பதால் கிடைக்கக்கூடிய கல்வி அங்கேயே கைவிடப்படுகிறது. கற்பவரின் வசதியை மையமாக வைப்பதும் சமத்துவத்தை மையமாக வைப்பதும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மொழி அடுத்தது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு பள்ளிக் குழந்தைக்கு மெல்ல மெல்லப் பழகும். ஐம்பது வயதில் முதன்முதலாக எழுத்தைப் பார்ப்பவர், தாம் பேசுவது தப்பு என்று முதல் நாளே உணர நேரிட்டால் மறுநாள் வரமாட்டார். அறிவொளிக்காரர்கள் இதை விரைவாகப் புரிந்துகொண்டார்கள். பாட்டும் வீதி நாடகமும் ஆள் சேர்ப்பதற்காக வந்தவை; ஆனால் விடுகதையும் சொலவடையும் வகுப்புக்குள் வந்தபோது நிலை மாறியது. விடுகதை போடுகிறவர் பாட்டி. விடை தெரியாமல் முழிக்கிறவர் தொண்டர். மாடசாமி மக்களிடமிருந்து சொலவடைகளைத் திரட்டி எழுதியது இந்த அனுபவத்தின் விளைவுதான். தெரிந்தவர், தெரியாதவர் என்ற இடங்கள் ஓர் இரவில் சில நிமிடங்களாவது மாறியமர்ந்தன. அச்சிட்ட பாடநூலோ எழுத்துத் தமிழிலேயே நின்றது, தேர்வும் அதிலேயே நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி கையெழுத்து. வந்த பெண்களில் பலர் முதலில் கேட்டது தம் பெயரை எழுதக் கற்றுத்தாருங்கள் என்பதே. இயக்கத் தோழர்கள் சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. விழிப்புணர்வு, விடுதலை என்று பேசி வந்தவர்களுக்குப் பெயரெழுதுவது சிறிய இலக்காகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைநாட்டு வைத்துவிட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு திரும்பியவருக்கு அது சிறியதா? புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போன கிராமத்துப் பெண்களைப் பற்றிக் கோடி எழுதிய பகுதி இதனால் முக்கியமானது. கைநாட்டுக்குப் பதில் தாங்களே கையெழுத்திட்ட மனுவோடு போனார்கள். மனுவின் வாசகம் அலுவலகத் தமிழ். கீழே உள்ள பெயர்கள் அவர்களுடையவை. அரசின் மொழிக்குள் அடங்கிப்போவதும் அரசின் முன் ஆளாக நிற்பதும் அந்த ஒரே செயலில் நடக்கின்றன என்கிறார் கோடி. நான் இரண்டாவதற்குக் கூடுதல் எடை தருவேன். ஜான்ஸ் தீவில் அட்டையின் மேல் பெயரை எழுதிப் பழகியவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே உள்ள ஒற்றுமை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

சைக்கிள் கதை ஓரளவு எல்லாரும் அறிந்தது. பி. சாய்நாத் தம் 1996ஆம் ஆண்டு நூலில் எழுதியபின் உலகறிந்ததாயிற்று. புதுக்கோட்டையின் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை எழுத்தறிவு இயக்கத்தோடு இணைத்தார்; வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். வயல் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பல தரப்புப் பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்களுக்கான சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள்.

நம் கேள்விக்கு இது ஒரு சிக்கலைத் தருகிறது. சைக்கிள் யோசனை பாயிலிருந்து எழவில்லை, மேலிருந்து வந்தது. கற்பவர் கேட்டதை மட்டும் கற்பிப்பதே கற்பவர் மையம் என்றால் இதை அதில் சேர்க்க முடியாது. அப்படிச் சொல்வது அபத்தம் என்பது யாருக்கும் தெரியும். கேட்கத் தெரியாததையும் கேட்கத் துணியாததையும் ஒருவர் முன்வைக்கலாம். அதை எடுத்துத் தம் போக்கில் வளைத்துக்கொள்ள முடிகிறதா என்பதே சோதனை. சைக்கிளை வளைத்துக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் போகவும், விளைந்ததை விற்கவும், வராத பேருந்துக்காகக் காத்து நிற்காமல் இருக்கவும் அது பயன்பட்டது. எந்தப் பாடநூலும் இவற்றை வரிசைப்படுத்தவில்லை. பணக்காரி, ஏழை, படித்தவள், படிக்காதவள் எல்லாரும் முதல் நாள் ஒரேபோலக் கீழே விழுந்தார்கள் என்பதும் சிறிய செய்தியன்று. எழுத்தில் பள்ளி சென்றவர் முன்னே இருந்தார். சைக்கிளில் அந்த முன்தொடக்கம் யாருக்கும் இல்லை.

ஆந்திரத்தின் நெல்லூரில் இதே காலத்தில் நடந்தது இன்னும் தொலைவுக்குப் போனது. எழுத்தறிவு வகுப்புகளில் கூடிய பெண்கள் சாராயத்தைப் பற்றிப் பேசினார்கள். தூபகுண்டா கிராமத்தில் கடையை மூடவைத்தார்கள். அது பாடமாகிப் பிற ஊர்களுக்குப் போய், மாநிலம் தழுவிய கிளர்ச்சியாயிற்று. 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. கற்பவர்கள் நோக்கத்தையே நகர்த்திய அரிய தருணம் இது. எழுத்தறிவு இயக்கத்தை நடத்திய அரசுக்குச் சாராய வருவாயும் வேண்டியிருந்தது என்பதால், இத்தகைய நகர்வைத் திட்டமிட்டு எவரும் செய்திருக்க மாட்டார்கள்.

6. கணக்கு தெரியாதவர்கள்?

எண்ணறிவைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எழுத்தில் வெற்றிடமாக வருபவர் கணக்கில் அப்படி வருவதில்லை. கலிபோர்னியாவில் ஜீன் லேவ் தலைமையில் நடந்த ஆய்வில், கடையில் பொருள் வாங்குவோர் விலை ஒப்பிடும் கணக்குகளில் 98 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். அவர்களே காகிதத் தேர்வில் 59 விழுக்காடுதான் எடுத்தார்கள். பள்ளி சென்ற அமெரிக்கர்கள் நிலையே இது. கந்துவட்டிக்கு வாங்கி, வாரத் தவணை கட்டி, கூலியைப் படிக்கணக்கில் வாங்கிய பெண்ணிடம் மூன்று இலக்கக் கூட்டலை முதலிலிருந்து தொடங்குவது அவருடைய மனக்கணக்கை இல்லாததாக்குகிறது. வட்டிக்காரரின் நோட்டைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும் என்பது அவருடைய தேவையாக இருக்கலாம். அதற்கு வேண்டியது கூட்டல் அன்று; மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கூட்டலைக் காகிதத்தில் உள்ளதோடு ஒப்பிடும் வழி. அறிவொளியின் பாடநூல்களில் நான் குறையாகக் காண்பது இதைத்தான். எழுத்துப் பகுதியில் மக்களின் பேச்சுக்குக் காட்டிய மரியாதை எண் பகுதியில் தெரியவில்லை.

7. அளவுகோல் யார் கையில்?

தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த தகுதிகள் துல்லியமானவை. வாய்விட்டு நிமிடத்துக்கு 30 சொல் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவதில் நிமிடத்துக்கு 7 சொல். 100 வரை எண்கள். எளிய கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். மூன்று பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரம், இடையிடையே தேர்வு. அரசு பணத்தைச் செலவிடும்போது இவ்வளவும் வேண்டும் என்ற வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. பொது அளவுகோல் இல்லையென்றால், பெயர் மட்டும் எழுதத் தெரிந்தவரையும் எழுத்தறிந்தவர் கணக்கில் ஏற்றி மாவட்டங்கள் வெற்றி அறிவிக்கும். அந்த ஐயம் அக்காலத்திலேயே இருந்தது. 1994இல் அருண் கோஷ் தலைமையிலான குழு இயக்கத்தை மதிப்பிட வேண்டிவந்ததும் அதனால்தான்.

எதிர்த்தரப்பில் பிரையன் ஸ்ட்ரீட் இருக்கிறார். ஈரானியக் கிராமத்தில் செய்த களப்பணியை வைத்து 1984இல் அவர் எழுதிய நூல், எழுத்தறிவு என்பது இடத்துக்கு இடம் மாறாத தனித்திறன் என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. யார், எங்கே, எதற்காகப் படிக்கிறார் என்பதோடு பிணைந்தே எழுத்தறிவு இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. இதை ஏற்றால் நிமிடத்துக்கு 30 சொல் என்பது படிப்பின் ஒரு வகையைத்தான் அளக்கிறது. மனுவின் அடியில் இட்ட கையெழுத்து, பேருந்தின் பெயர்ப்பலகையை யாரையும் கேட்காமல் படிப்பது, சாராயக் கடையை மூடியது ஆகியவை அந்த அளவுகோலில் ஏறுவதே இல்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் அறிவொளியின் வேகம் குறைந்த பிறகு நிலைத்தது எது என்று பார்த்தால், நிர்வாகம் அளந்தவற்றில் பெரும்பகுதி கரைந்துபோனது. வாசிக்கப் புத்தகம் இல்லாத ஊரில் நிமிடத்துக்கு 30 சொல் படித்தவர், ஓரிரு ஆண்டில் எழுத்தை மறப்பது இயல்பு. கையெழுத்தும் சைக்கிளும் மறக்கவில்லை. அவற்றுக்கு நாள்தோறும் வேலை இருந்தது.

இன்று நடைமுறையில் உள்ளது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரையிலான இத்திட்டம் 15 வயதுக்கு மேற்பட்டோரைத் தன்னார்வலர்களைக் கொண்டு படிக்கவைக்கிறது. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும், வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி என ஐந்து கூறுகளை அறிவித்திருக்கிறது. முடிவில் நடக்கும் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு தலா 50. ஐந்து கூறுகளில் முதலாவதை மட்டுமே அது தொடுகிறது. நூறுநாள் வேலைத்தளத்திலிருந்து நேராக வந்து பள்ளிக்கூட பெஞ்சில் அமர்ந்து எழுதும் பாட்டிகளின் படங்கள் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வருகின்றன. எழுத்துப் பகுதியின் 50 மதிப்பெண்ணில் ஒரு பத்தையாவது கற்பவர் தாமே தேர்ந்துகொண்ட ஒன்றை எழுத ஒதுக்கலாம். முதியோர் உதவித்தொகை மனு, பேரனுக்குக் கடிதம், வங்கிச் சீட்டு, குலசாமிப் பாட்டு என எதுவாகவும் இருக்கலாம். அப்படிச் செய்தால் விடைத்தாளைத் திருத்துவது கடினமாகும், ஒரு மாவட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவது சிக்கலாகும், திருத்துகிறவர் ஊர்ப்பேச்சையும் வாசிக்கப் பழக வேண்டியிருக்கும்.